பூஜையில் வைத்த கிரேக்க சரித்திரம்

அந்தப் புத்தகங்களின் பக்கங்களை முதன்முதலில் அறுத்துப் பிரித்தவன் நான்தான். சீமையில் அச்சாகி வந்த பழைய புத்தகங்கள் சிலவற்றில் தாளை மடித்துத் தைத்து அப்படியே அனுப்பிவிடுவார்கள். ஓரம் ஒட்டியே இருக்கும். படிக்கிறவர் கத்தி வைத்து அறுத்துக்கொள்ள வேண்டும். மைசூரில் நான் அட்டெண்டராக இருந்த லைப்ரரியின் மாடியில் ஒரு பீரோ நிறைய இப்படி அறுக்காத புத்தகங்கள் இருந்தன. ஊரை விட்டுப் போன ஒரு துரை கொடுத்துவிட்டுப் போனவை. வருஷத்துக்கு ஒரு தடவை, சரஸ்வதி பூஜைக்கு முன்னால், தூசி தட்டி வேப்பிலை போட்டு மறுபடியும் பூட்டுவேன். அவற்றுக்கு நடந்த உபசாரம் அவ்வளவுதான்.

ஒரு தசரா முடிந்து ஊர் அடங்கியிருந்த சமயம். சாயங்காலம் ஒரு அம்மாள் வந்து அந்தப் பீரோவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது, கேட்காமலே விஷயம் புரிந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவர், மேல்கோட்டைக் குடும்பம். என்னிடம் அவர்கள் வீட்டுப் பழைய தமிழில் பேசுவார், லைப்ரேரியனிடம் கன்னடத்தில்.

லைப்ரேரியன் நஞ்சன்கூட்டுக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் ஒரு சிட்டிகை பொடி போடாமல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டார். கிரேக்க சரித்திரம் வேண்டும் என்றதும், கீழ் அலமாரியைக் காட்டி, ஞானிகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்றார்.

"அவர்களுக்கு அப்புறம் வந்தவர்கள் வேண்டும்" என்றார் அம்மாள்.

"அப்புறம் யாரம்மா? எல்லாரும் போய் இரண்டாயிரம் வருஷம் ஆச்சு."

"போனவர்களுக்குப் பேரன் பேத்தி இருந்திருக்க மாட்டார்களா?"

லைப்ரேரியன் மூக்கருகே கொண்டுபோன பொடியை டப்பியிலேயே திரும்பப் போட்டார். பிறகு பீரோச் சாவியை என்னிடம் நீட்டினார்.

மறுநாளிலிருந்து தினம் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேராக வருவார். மாடியில் ஜன்னலோரம் ஒரு மேஜை, டிராயரோடு, அவருக்கென்று ஆகிவிட்டது. நான் மூங்கில் கத்தியால் பக்கங்களை அறுத்துக் கொடுப்பேன். ஒரு வேலையில் என் கை நல்ல கை என்று எனக்குப் பேர் உண்டு: எழுத்து. லோயர் செகண்டரி வரைதான் படிப்பு. ரயில்வே வேலைக்காக சேலம் பக்கத்திலிருந்து வந்த என் தகப்பனாருக்கு அதற்கு மேல் படிக்க வைக்க முடியவில்லை. ஆனால் இங்கிலீஷ் எழுத்தைக் காப்பி புஸ்தகத்தில் இருக்கிற மாதிரியே எழுதுவேன். அர்த்தம் பாதி தெரியும், பாதி தெரியாது. இதைப் பார்த்துவிட்டு அம்மாள் கேட்டார், தாம் பென்சிலால் குறித்துச் சீட்டு வைத்த இடங்களைப் பகலில் எனக்கு நேரம் இருக்கும்போது எடுத்து எழுதி வைக்க முடியுமா என்று. ஒத்துக்கொண்டேன்.

எதற்காக இந்தப் பாடு என்று நான் கேட்டதில்லை. ஒரு மாசம் ஆன பிறகு அவரே சொன்னார். எம்.ஏ. பட்டத்துக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார். அது தேறினால் பெண்கள் காலேஜில் நிரந்தர வேலை, தங்க ஒரு வீடு. அவருக்கு ஒரு பெண் குழந்தை, வயது ஒன்பது. புருஷன் போன பிறகு குழந்தை சிவமொக்காவில் பெரியப்பா வீட்டில் வளர்கிறது. தற்காலிக வேலை பார்க்கிறவள், வாடகை அறையில் இருக்கிறவள், குழந்தையை எப்படி வைத்துக் காப்பாற்றுவாய் என்று கொடுக்க மறுத்துவிட்டார்கள். நிரந்தரமாக ஒரு வேலை என்று காகிதம் கொண்டு வா, அழைத்துப் போ என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் இந்த வருஷம்தான் கெடு. பெரியப்பா ஏற்கெனவே குழந்தைக்கு வரன் பேச ஆரம்பித்திருந்தார்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஒன்றும் மாறவில்லை. பேனாவில் மை போட்டுக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அன்று அறுத்த பக்கம் கோணலாகப் போனது.

எடுத்து எழுத எழுத அந்த ஜனங்கள் எனக்குப் பழக்கமானார்கள். கடலோரம் பெரிய பட்டணம், கான்ஸ்டாண்டிநோபிள். மூன்று அடுக்குக் கோட்டைச் சுவர். ஆயிரம் வருஷம் ஆண்டு, கடைசியில் துருக்கரிடம் விழுந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய நானூறு வருஷம் அவர்களுக்கு ராஜா இல்லை, சேனை இல்லை. இருந்தும் பாஷையும் கோயிலும் போகவில்லை. அப்புறம் ஒரு நாள் மறுபடியும் ஒரு நாடாக எழுந்தார்கள். அது எப்படி என்பதுதான் அம்மாளின் கட்டுரை.

பட்டணம் விழுந்த கிழமை எது என்று ஒரு நாள் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை. இன்னிக்கும் அவா செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்க மாட்டாளாம்."

"நாங்களும்தான் அம்மா. செவ்வாயோ வெறுவாயோ என்று எங்கள் அப்பா சொல்வார்."

"உங்களுக்கு எந்த ஊர் விழுந்தது?"

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அக்ரஹாரம் என்று பேர் கொண்ட பேட்டையில் எங்கள் வீடு. சாப்பிட உட்காரும்போது இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்வேன். அவள் கௌதள்ளி என்கிற கிராமத்துக்காரி. எழுத்து வாசனை கிடையாது, கேள்விகளுக்குக் குறைவு கிடையாது. அந்த ஜனங்கள் வீட்டில் கிழக்குச் சுவரில் சாமி படம் மாட்டி எண்ணெய் விளக்கு ஏற்றுவார்கள், சாம்பிராணி போடுவார்கள், போனவர்களுக்காகக் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து கோயிலில் எல்லாருக்கும் கொடுப்பார்கள் என்றேன். அவள் சாதம் போடுகிற கையை நிறுத்திவிட்டாள்.

"அப்ப நம்ம மாதிரித்தானுங்களே. எந்தூருங்க அது?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

"எந்தக் கடலுக்கு?"

நான் மதராஸ் கடலையே பார்த்ததில்லை. சாம்பார் ஊற்று என்றேன்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு சங்கதி உண்டு. துருக்கர் காலத்தில் கோயில் பூசாரிகள் இருட்டில் பிள்ளைகளை ரகசியமாக வரவழைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. அதை நன்றாகப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். அம்மாள் வாசித்துவிட்டு ஓரமாக வைத்தார். சேர்க்கவில்லையா என்று கேட்டேன்.

"ஜனங்கள் அப்படி நம்பறான்னு எழுதுவேன். அப்படி நடந்ததுன்னு எழுத மாட்டேன். சாட்சி ஒண்ணும் இந்தப் பீரோவில் கிடைக்கலை."

"நம்புகிறது போதாதா அம்மா?"

"நம்பறதுக்குப் போதும். கட்டுரைக்குப் போதாது."

எனக்கு அப்போது கொஞ்சம் மனக்குறைதான். இவ்வளவு பக்தியான சங்கதியை விட்டுவிடுகிறாரே என்று. யோசித்துப் பார்த்தால், அந்த அம்மாள் தினம் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லாமல் சாப்பிடாதவர். பக்தி வேறு, சாட்சி வேறு என்று அவருக்குள் இரண்டு அறை இருந்தது. எனக்கு எல்லாம் ஒரே அறை.

வருஷம் திரும்பி மறுபடி நவராத்திரி வந்தது. கட்டுரை ஆறு நோட்டாக எழுதி முடித்திருந்தார். நல்ல தாளில் திருத்தமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு நோட்டு அப்படி முடிந்துவிட்டது. கடைசி இரண்டுதான் பாக்கி. தசரா லீவு முடிந்து காலேஜ் திறக்கிற அன்று கொடுத்தால் போதும் என்று இருந்ததால் அவசரம் இல்லை. அவர் அறை மழைக்கு ஒழுகும் என்று அந்த இரண்டு நோட்டையும் லைப்ரரி டிராயரிலேயே வைத்திருந்தார்.

மூல நட்சத்திரத்தன்று லைப்ரரியில் சரஸ்வதி பூஜை. பூஜை செய்கிறது நான்தான். ரிஜிஸ்தர்கள், அலமாரிக்கு ஒன்றாகப் புத்தகங்கள், மைக்கூடு, கத்தி எல்லாம் அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, பீரோக்களுக்குக் குங்குமம் வைப்பேன். வைத்தால் வைத்ததுதான். விஜயதசமியன்று புனர்பூஜை ஆகும் வரை ஒரு புத்தகத்தையும் தொடக்கூடாது, ஒரு எழுத்தும் படிக்கக்கூடாது. லைப்ரரியையும் பூட்டிவிடுவோம்.

அன்று சாயங்காலம் அம்மாள் ஒரு புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். தீபாராதனை சமயம். எல்லாரும் உள்ளே போனார்கள். அவர் வெளியே தூணருகே நின்றுவிட்டார். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கற்பூரத் தட்டை வெளியே எடுத்துப் போனபோது அவர் போயிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவரால்தான் வர முடியவில்லை, அவர் எழுதினதாவது அம்பாள் பாதத்தில் இருக்கட்டும் என்று, டிராயரைத் திறந்து அந்த இரண்டு நோட்டையும் எடுத்தேன். மஞ்சள் துணியில் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே அடுக்கினேன். தண்ணீர் தெளித்து வைத்திருந்த செவ்வந்தி மாலையை அதன்மேலேயே சாத்தினேன். பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். லைப்ரேரியன் ஒரு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு நஞ்சன்கூடு போய்விட்டார்.

நவமியன்று ஆயுத பூஜை. மத்தியானம் என் மனைவி அரிவாள்மனைக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அந்த அம்மாள். எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. கையில் ஒரு கடிதம். கட்டுரைகளை வாங்கிப் பரீட்சை அதிகாரிகளிடம் சேர்க்கிற புரொபசர் வடக்கே அவசரமாகப் போகிறாராம். விஜயதசமி சாயங்கால ரயிலில் கிளம்புகிறார். அன்று ஐந்து மணிக்குள் அவர் வீட்டில் கொடுத்த கட்டுரைதான் இந்த வருஷக் கணக்கில் சேரும். மற்றது அடுத்த வருஷம்.

அம்மாள் கலங்கவில்லை. ஒன்றரை நாள் இருக்கிறது, டிராயரிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தால் அறையில் உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவேன், தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றார்.

"அம்மா, அது டிராயரில் இல்லை" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நன்னாத்தான் நினைச்சிருக்கேள்" என்றார். பிறகு, "நாளைக்குப் புனர்பூஜை எத்தனை மணிக்கு?"

"பத்தாகும் அம்மா."

விரல் விட்டு எண்ணினார். நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கிறது. ஏழு மணி நேரத்தில் ஒருத்தர் எழுதி முடிகிற காரியம் இல்லை. எடுத்துத் தாருங்கள் என்று அவர் கேட்கவே இல்லை. பூஜையில் இருக்கிறதை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. எனக்கு அம்பாளிடம் பயம். அவருக்கும் பயம். சிவமொக்காவில் அந்தக் குழந்தை இருந்தது.

என் மனைவி குங்குமக் கையோடு எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, கன்னுக்குட்டி கத்தறப்ப மாடு ராவுகாலம் பாத்துக்கிட்டு நிக்குமாங்க?"

முறை என்று ஒன்று இருக்கிறது என்றேன்.

"எனக்குக் கிரேக்க நோட்டு கொண்டாந்து வைய்யின்னு சரசோதி கேட்டாளாக்கும்? நீங்கதான கொண்டுபோயி வெச்சீங்க. வெச்ச கையே எடுக்கட்டும்."

அதற்கு மேல் நான் நிற்கவில்லை. ஸ்நானம் செய்து, ஒரு கிண்ணம் பாலும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டேன். தனியாக அந்த அம்மாளோடு பூட்டிய கட்டடத்துக்குள் போனால் ஊர் நாலு பேசும் என்று என் மனைவியும் புடவை மாற்றிக்கொண்டு கூட வந்தாள்.

பூட்டைத் திறந்து விளக்கேற்றினேன். பாலும் பழமும் நைவேத்தியம் செய்து கற்பூரம் காட்டினேன். பூஜையை முடிக்கிறதென்றால் வைத்ததை வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துவது வழக்கம். தாயே, குழந்தைக்காக, என்று அம்பாளிடம் சொல்லி அந்த நோட்டுக் கட்டை மட்டும் நகர்த்தினேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மாள் அதே தூணருகே நிற்கிறார்.

அந்தத் தூணைப் பார்க்க எனக்கு அன்றைக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவரை வெளியே நிறுத்திவிட்டு அவர் நோட்டுக்கு மாலை சாத்தியிருக்கிறேன்.

"உள்ளே வாங்கம்மா" என்றேன். "எழுதினவங்க கையாலதான் எடுக்கணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்தார். அவள் போய் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். அம்மாள் நமஸ்காரம் செய்து எழுந்து கட்டை எடுத்தார். பூஜையிலிருந்து எடுத்தவுடன் ஒரு வரியாவது படிக்க வேண்டும். அவர் கடைசி அத்தியாயத்தைத் திறந்து ஒரு வரி வாசித்தார். வாசித்தவர் அடுத்த பக்கத்தைப் புரட்டி நின்றுவிட்டார்.

ஈர மாலையிலிருந்து தண்ணீர் இறங்கியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் கீழ்ப்பாதி மை ஓடி நீலமாகக் கிடந்தது. சொந்தமாக எழுதினதைத் திரும்ப எழுதிவிடலாம், மேற்கோள்களுக்கு என்ன செய்வேன் என்றார். நான் எடுத்து எழுதிக் கொடுத்த தாள்களை இனி வேண்டாம் என்று எப்போதோ எறிந்தாயிற்று. மறுபடி புத்தகங்களைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்கிற குறிப்பும் கரைந்துபோன பாதியிலேதான்.

பீரோவுக்கு வைத்த குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதையும் திறந்தேன்.

அப்போதுதான் எனக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. துருக்கருக்கு வரி கொடுத்த கிராமத்தைப் பற்றி ஒரு மேற்கோள் என்றார் அம்மாள். பச்சை அட்டை, இரண்டாம் பாகம், இடது பக்கம், மேலே இருந்து மூன்றில் ஒரு பங்கு என்றேன். அந்தப் பக்கத்தில் என் கத்தி வழுக்கி ஓரம் கிழிந்திருந்தது. அடுத்தது தீவுகளின் கப்பல்காரர்களைப் பற்றி. அது தடித்த சிவப்புப் புத்தகம், படத்துக்கு அடுத்த தாள். அர்த்தம் தெரியாமல் எழுதினவனுக்கு இடம் மறக்கவில்லை. இருட்டுவதற்குள் ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தது. கிடைக்காத அந்த ஒன்றுதான் இருப்பதிலேயே அழகானது, அவருக்கு மனப்பாடமும் கூட. ஆனாலும் பக்கம் தெரியாமல் போட மாட்டேன் என்று அந்த இடத்தை அடித்துவிட்டார்.

விஜயதசமியன்று விடிந்ததும் மறுபடி உட்கார்ந்தோம். பத்து மணிக்கு எழுந்து மற்றவற்றுக்கெல்லாம் முறைப்படி புனர்பூஜை செய்துவிட்டு வந்தேன். அவர் ஒரு அத்தியாயம், நான் ஒரு அத்தியாயம். என் மனைவி எழுதிய தாள்களை ஒற்றுத்தாள் வைத்து ஒற்றி வரிசையாக அடுக்கினாள். எண் தெரியாதவள் எப்படி வரிசை தப்பாமல் வைத்தாள் என்றால், இரண்டு பேர் தாளையும் தனித்தனியாக, வாங்கின வரிசையிலேயே கவிழ்த்து வைத்தாள். பிள்ளையார் சுழி போடாமல் எழுத என் கை மறுத்தது. தாளின் மூலையில் பென்சிலால் சின்னதாகப் போட்டு, பக்கம் முடிந்ததும் ரப்பரால் அழித்தேன். அம்மாள் பார்த்துவிட்டார். ரப்பரை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

மத்தியானத்துக்கு மேல் அரண்மனைப் பக்கம் பீரங்கி வெடித்தது. ஜம்பு சவாரி புறப்பட்டுவிட்டது. வருஷா வருஷம் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இடம் பிடித்து யானை ஊர்வலம் பார்க்கிறவள் என் மனைவி. உனக்கு இந்த வருஷம் போச்சே என்றேன்.

"ஆனை அடுத்த வருசமும் வருமுங்க. நீங்க எழுதுங்க."

நாலு மணிக்குக் கடைசித் தாள் காய்ந்தது. புரொபசர் வீடு ஊர்வலம் போகிற ராஜவீதிக்கு அந்தப் பக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஓரமும் கயிறு கட்டி, ஜனம் தலையோடு தலையாக நிற்கிறது. தாண்ட வழியே இல்லை. முன்பே முடித்த தாள்களையும் சேர்த்துக் கட்டுரையை அந்த மஞ்சள் துணியிலேயே கட்டி நான் தலையில் வைத்திருந்தேன். சந்தனம் குங்குமம் அப்படியே இருந்தது. கயிற்றருகே நின்ற போலீஸ்காரர் கன்னடத்தில் அது என்ன என்று அதட்டினார். சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகம் சாமி, பூஜை முடிந்து போகிறது என்றேன். பொய் இல்லையே. அவர் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குதிரைப்படை போய் அடுத்த வரிசை வருவதற்குள் சட்டென்று கயிற்றைத் தூக்கி, ஓடுங்கள் என்றார்.

ராஜவீதி நடுவில் ஒரு நிமிஷம் நாங்கள் மூன்று பேர் மட்டும். தூரத்தில் யானைமேல் தங்க அம்பாரி வெயிலில் தகதகவென்று நேரே எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. என் மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். அம்மாள்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தரிசனம் எந்தக் கடை மாடியிலிருந்தும் கிடைத்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வாள்.

புரொபசர் வீட்டு வாசலில் படுக்கை கட்டி ஜட்கா தயாராக நின்றது. அவர் கட்டைப் பிரித்து வேகமாகப் புரட்டினார். எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு மேற்கோளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, எடுத்துவிட்டேன் என்றார் அம்மாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை இவரைப் பார்த்தார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, சட்டைகளுக்கு மேலே வைத்து மூடினார். மணி ஐந்துக்குப் பத்து.

லீவு முடிந்து வந்த லைப்ரேரியனிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். உத்தரவில்லாமல் திறந்ததற்கும், பூஜை நாளில் பீரோவைக் கலைத்ததற்கும், ஈர மாலையைக் காகிதத்தின்மேல் போட்ட புத்திசாலித்தனத்துக்கும் தனித்தனியாகத் திட்டினார். பொடி டப்பியைத் தேடியபடியே, "முடிந்ததா இல்லையா, அதைச் சொல்லய்யா" என்றார். முடிந்தது என்றேன். போய் வேலையைப் பார் என்றார்.

அப்புறம் காத்திருந்ததுதான். வெள்ளிக்கிழமைதோறும் விடியற்காலையில் சாமுண்டி மலை ஏறினேன். ஆயிரம் படிக்கு ஒரே வேண்டுதல். அம்மாள் வழக்கம்போல சாயங்காலம் வந்து அதே மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். கட்டுரை கொடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். இன்னும் எத்தனை புத்தகம் அறுக்காமல் இருக்கு பாருங்கோ என்றார். மாசி மாதம் ஒரு நாள் அவர் மாடிக்கு வரவில்லை. நேரே எங்கள் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறார். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டுரை தேறிவிட்டது. ஆனி மாதத்திலிருந்து வேலை.

ஆனியில் குழந்தையை அரசிக்கெரே வழியாக வருகிற ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். கூட வந்த உறவுக்காரர் ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பெட்டி தூக்க நான் போயிருந்தேன். சின்னத் தகரப் பெட்டி, ஒரு கையால் தூக்கினேன். பத்து வயதுக்கு உயரம்தான், அம்மாவுடைய நெற்றி. அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி பக்கத்தில் நடந்தது. முன்பு இரண்டு தடவை லீவுக்கு வந்து நாலு நாளில் திரும்பிப் போயிருக்கிறது.

ஜட்காவில் ஏறின பிறகு கேட்டது.

"அம்மா, நான் எப்போ திரும்பிப் போகணும்?"

குழந்தையின் தலையில் ரயில் கரி ஒட்டியிருந்தது. அம்மாள் அதைத் துடைத்தார்.

"போக வேண்டாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமான குரலில், "பால்காரனைப் பார்த்தேள்னா சொல்லுங்கோ. நாளையிலேர்ந்து இன்னும் ஒரு பாவு அளவு சேர்த்து ஊத்தணும்" என்றார்.

சொல்கிறேன் அம்மா என்றேன். வண்டிக்காரன் எந்தத் தெரு என்று கேட்டான். குழந்தைக்குக் கேட்கட்டும் என்று நான் புது வீட்டு விலாசத்தைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.